முதல் ட்ராக் டேக்கு எந்த ஹெல்மெட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து பெங்களூரு சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக். 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ட்ராக்கில் 1990-லிருந்து பந்தயங்கள் நடக்கின்றன. கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பந்தய ஓட்டுநர் கரிவரதன் நினைவாகப் பெயர் வைத்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தயம் இல்லாத நாட்களில் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டேக்களுக்கு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். பதிவு செய்து பணம் கட்டிய அன்று இரவே பலருக்கும் வரும் கவலை ஹெல்மெட்தான். சில வருடங்களாக ட்ராக் டேக்களுக்குப் போய்வருகிறவன் என்பதால், புதிதாக வருகிறவர்கள் என்னிடம் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கார் ஓட்டப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. பைக்குக்குத் தனியாக ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

இது பந்தயமே இல்லையே, என் காரில் ஏர்பேக் வேறு இருக்கிறது. ஹெல்மெட் எதற்கு?

சாலையில் கார் மோதினால் பெரும்பாலும் முன்பக்கம்தான் மோதும், அதற்கு ஏர்பேக் இருக்கிறது. ட்ராக்கில் கார் கட்டுப்பாடு இழந்தால் சுழலும், மண்ணில் இறங்கும், பக்கவாட்டில் டயர் சுவரில் இடிக்கும், சில நேரம் உருளும். அப்போது தலை ஜன்னல் கண்ணாடியிலும் கதவுத் தூணிலும் போய் அடிக்கும். ட்ராக் டேயில் ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்வது வழக்கம் என்பதால் கல்லும் மண்ணும் உள்ளே வர வாய்ப்பு உண்டு. ஹெல்மெட் இல்லாமல் யாரும் உங்களை ட்ராக்கில் விடமாட்டார்கள், பக்கத்து சீட்டில் உட்காருகிறவருக்கும் அதே விதிதான்.

வீட்டில் நல்ல பைக் ஹெல்மெட் இருக்கிறது. அது போதாதா?

இதற்கு நேரடியான பதில் உங்கள் அமைப்பாளரிடம்தான் இருக்கிறது. புதியவர்களுக்கான ட்ராக் டேக்களில் சில அமைப்பாளர்கள் நல்ல நிலையில் உள்ள ஃபுல் ஃபேஸ் பைக் ஹெல்மெட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் கார் பந்தய முத்திரை இல்லாவிட்டால் உள்ளே விடுவதில்லை. பதிவுப் படிவத்தோடு வரும் விதிகளைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். போன தடவை நண்பனை விட்டார்கள் என்பதெல்லாம் அன்றைக்குக் காலையில் செல்லாது.

அனுமதி ஒரு பக்கம் இருக்கட்டும். பைக் ஹெல்மெட்டும் கார் பந்தய ஹெல்மெட்டும் எதில் மாறுபடுகின்றன என்று தெரிந்துகொண்டால் நீங்களே முடிவெடுக்கலாம்.

முதல் வித்தியாசம் நெருப்பு. பைக்கிலிருந்து விழுகிறவர் வண்டியை விட்டு விலகிப் போய்விடுகிறார். காரில் இருப்பவர் பெல்ட்டால் கட்டப்பட்டு எஞ்சினுக்கும் பெட்ரோல் டேங்குக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் கார் ஹெல்மெட்டின் ஷெல் (வெளி ஓடு), உள் துணி, தாடைப்பட்டை எல்லாவற்றின் மீதும் நெருப்பைக் காட்டிப் பரிசோதிக்கிறார்கள். நெருப்பை எடுத்ததும் அது தானாக அணைய வேண்டும். பைக் ஹெல்மெட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதன் உள் துணி சாதாரண பாலியெஸ்டராக இருக்கும், பற்றினால் உருகித் தோலில் ஒட்டும்.

இரண்டாவது, எதில் இடிக்கிறது என்பது. சாலையில் விழுந்த தலை தரையில் இடித்து வழுக்கிக்கொண்டு போகும். பந்தயக் காருக்குள் தலையைச் சுற்றி இரும்புக் குழாய்கள் இருக்கின்றன, ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தலை மோதலாம். கார் ஹெல்மெட்டை அந்தக் குழாய் வடிவத்தின் மீதே மோதவிட்டுச் சோதிப்பார்கள். மூன்றாவது, பார்வை அகலம். இருபுறமும் திரும்பிப் பார்த்து ஓட்ட வேண்டிய பைக்குக்கு அகலமான கண் திறப்பு வேண்டும், கார் ஹெல்மெட்டில் அது குறுகலாக இருக்கலாம்.

என் கருத்து இது: ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்க்கத்தான் போகிறீர்கள், சாதாரண சாலைக் கார், அமைப்பாளர் அனுமதிக்கிறார், ஹெல்மெட் புதியது, தலையில் கச்சிதமாக நிற்கிறது என்றால் அந்த பைக் ஹெல்மெட்டோடு போய்வாருங்கள். இரண்டாவது முறை போகப் போகிறீர்கள் என்று மனம் சொன்ன அன்றே கார் ஹெல்மெட்டுக்குப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள்.

ஸ்னெல், எஸ்ஏ, எம், கே என்று ஏதேதோ சொல்கிறார்களே?

1956-ல் கலிஃபோர்னியாவில் பீட் ஸ்னெல் என்ற அமெச்சூர் பந்தய ஓட்டுநர் கார் உருண்டு இறந்துபோனார். அணிந்திருந்த ஹெல்மெட் அவர் தலையைக் காக்கவில்லை. அவருடைய நண்பர்கள் அடுத்த வருடமே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, எந்த ஹெல்மெட் உண்மையில் காக்கும் என்று சோதிக்க ஆரம்பித்தார்கள். அவர்களுடைய முதல் ஹெல்மெட் தரம் 1959-ல் வந்தது. இன்றுவரை உலகெங்கும் பந்தய மைதானங்களில் முதலில் தேடும் ஸ்டிக்கர்களில் ஸ்னெல் ஒன்று.

எழுத்துகளைப் புரிந்துகொள்வது சுலபம். எஸ்ஏ என்றால் கார் பந்தயத்துக்கு, நெருப்புச் சோதனையும் உண்டு. எம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கு. கே என்றால் கார்ட்டிங்குக்கு. பார்க்க எஸ்ஏ போலவே இருக்கும், ஆனால் நெருப்புச் சோதனை கிடையாது. கடையில் ஒரே வடிவ ஹெல்மெட்டை எஸ்ஏ, கே என இரண்டாகவும் விற்பார்கள். விலை குறைவாகத் தெரிகிறதே என்று எடுத்தால் அது கே-ஆக இருக்கும். ஸ்டிக்கர் பின்பக்கம் வெளியே ஒட்டியிருக்காது. உள்ளே மெத்தைத் துணியைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

2015, 2020, 2025 இவற்றில் எதை வாங்குவது?

ஸ்னெல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தரத்தைப் புதுப்பிக்கிறது. ஸ்டிக்கரில் இருக்கும் ஆண்டு தரம் வெளியான ஆண்டைத்தான் சொல்லும், உங்கள் ஹெல்மெட் தயாரான தேதியைச் சொல்லாது. எஸ்ஏ 2020 முத்திரையோடு 2023-ல் செய்த ஹெல்மெட்டும் இருக்கும். தயாரிப்பு மாதமும் வருடமும் தனியாக எழுதியிருக்கும், தாடைப்பட்டையில் அல்லது உள்ளே தேடுங்கள்.

புதிதாக வாங்கினால் எஸ்ஏ 2025 கிடைக்கிறதா என்று கேளுங்கள். எஸ்ஏ 2020 நல்ல தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம், இன்னும் சில வருடங்களுக்குப் பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். எஸ்ஏ 2015-ஐ இப்போது காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை.

எஃப்ஐஏ ஸ்டிக்கர் வேண்டுமா?

எஃப்ஐஏ என்பது உலக அளவில் கார் பந்தயங்களை நிர்வகிக்கும் அமைப்பு. முதல் ட்ராக் டேக்கு அதன் ஸ்டிக்கர் தேவையில்லை. உரிமம் எடுத்துப் பந்தயத்தில் இறங்கும்போது, நம் நாட்டுப் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்எம்எஸ்சிஐ-யின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் எந்த எஃப்ஐஏ தரம் செல்லும் என்று பார்க்க வேண்டியிருக்கும். அதில் 8859 என்று தொடங்குவது பொதுவான பந்தயத் தரம், 8860 என்பது ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் அணியும் உயர்தரம். ஸ்னெல், எஃப்ஐஏ இரண்டு முத்திரையும் சேர்ந்தே வரும் ஹெல்மெட்டுகள் உண்டு. பந்தயத்தில் இறங்கும் எண்ணம் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருக்கிற ஹெல்மெட்?

ஐஎஸ்ஐ நம் சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுவதற்கான தரம். அதற்கான எண் ஐஎஸ் 4151. ஒழுங்காகத் தயாரித்த ஐஎஸ்ஐ ஹெல்மெட் சாலைக்கு நல்ல ஹெல்மெட்தான். பிரச்சினை போலி முத்திரையில் இருக்கிறது. சாலையோரம் முந்நூறு ரூபாய்க்குக் குவித்து வைத்திருப்பவற்றிலும் அந்த முத்திரை அச்சாகியிருக்கும். முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்க வேண்டும், அதை பிஐஎஸ் கேர் என்ற செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். இரண்டு நிமிட வேலை, கடையில் நின்றபடியே செய்துவிடலாம்.

பைக் ஹெல்மெட் ஒன்றை ட்ராக்குக்கும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால், ஐஎஸ்ஐ-யோடு ஈசிஇ 22.06 முத்திரையும் உள்ளதைத் தேடுங்கள். அது ஐரோப்பியத் தரம். சாய்வாக இடித்துத் தலை சுழலும்போது மூளைக்கு என்ன ஆகும் என்பதையும் அதில் சோதிக்கிறார்கள்.

என் தலைக்கு எந்த அளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மற்றக் கேள்விகளையெல்லாம் தாண்டிப் போனாலும் இந்தப் பதிலை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 1976-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நிக்கி லௌடாவின் கார் மோதித் தீப்பிடித்தபோது அவர் ஹெல்மெட் தலையிலிருந்து கழன்றுபோனது. நெருப்பு நேராக முகத்துக்கும் தலைக்கும் வந்தது. உலக சாம்பியன் அணிந்த ஹெல்மெட்டே அப்படிக் கழன்றிருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினாலும் தலையில் நிற்காத ஹெல்மெட் உங்களைக் காக்காது.

தையற்காரர் வைத்திருக்கும் நாடாவை எடுத்து, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில், காதுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். மூன்று முறை எடுத்து அதில் பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். அந்த சென்டிமீட்டரை அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையில் பாருங்கள். ஒரு நிறுவனத்தின் எம் அளவு இன்னொன்றின் எல் அளவாக இருக்கும், அதனால் எழுத்தை நம்பாதீர்கள்.

அப்புறம் தலையின் வடிவம். மேலிருந்து பார்த்தால் சிலருக்கு மண்டை உருண்டையாக இருக்கும், சிலருக்கு முன்பின் நீண்டிருக்கும். உருண்டைத் தலைக்கு நீள்வட்ட ஹெல்மெட் போட்டால் இரண்டு பொட்டிலும் அழுத்தும், நெற்றியில் இடைவெளி விழும். நீண்ட தலைக்கு உருண்டை ஹெல்மெட் போட்டால் நெற்றியில் மட்டும் குத்தும், பக்கவாட்டில் ஆடும். அளவு சரியாக இருந்தும் வலிக்கிறது என்றால் வேறு நிறுவனத்தின் ஹெல்மெட்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு அளவு பெரிதாக எடுத்தால் வலி போகும், பாதுகாப்பும் அதோடு போகும்.

போட்டுப் பார்க்கும் முறை: தாடைப்பட்டைகளை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துத் தலையை நுழையுங்கள். காதைக் கடந்து இறங்கும்போது கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். கன்னம் உள்ளே அமுங்கி, பேசும்போது உள்கன்னம் பல்லில் லேசாகப் படும். பட்டையைக் கட்டிவிட்டு ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். உங்கள் நெற்றித் தோலும் கன்னமும் அதோடு சேர்ந்து நகர்ந்தால் சரி. ஹெல்மெட் மட்டும் தோல்மேல் வழுக்கினால் அது பெரியது. அடுத்து ஒருவரை விட்டுப் பின்னாலிருந்து ஹெல்மெட்டின் கீழ் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாகத் தூக்கச் சொல்லுங்கள். கண் வரைக்கும் இறங்கிவந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

கடைசியாகப் பொறுமை. போட்டுக்கொண்டு இருபது, முப்பது நிமிடம் உட்காருங்கள். ட்ராக் டேயில் ஒரு செஷன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடைக்காரர் சங்கடப்படுவார், பரவாயில்லை. கழற்றியதும் கண்ணாடியில் பாருங்கள்: நெற்றி முழுக்க இளஞ்சிவப்பு இருந்தால் நல்லது, ஓரிடத்தில் மட்டும் சிவந்த புள்ளி இருந்தால் அங்கே தலைவலி காத்திருக்கிறது. புது ஹெல்மெட்டின் கன்ன மெத்தைகள் கொஞ்ச நாளில் அமுங்கித் தளரும், உள்ளே இருக்கும் கெட்டித் தெர்மாகோல் தளராது. எனவே கன்னத்தில் இறுக்கம் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், நெற்றியில் குத்தினால் பொறுக்க வேண்டாம்.

தலையில் பலக்லாவா (ஹெல்மெட்டுக்குள் அணியும் மெல்லிய துணி முகமூடி) போட்டு ஓட்டப் போகிறீர்கள் என்றால் அளவு பார்க்கும்போதும் அதைப் போட்டே பாருங்கள். நீளமான கூந்தல் உள்ளவர்கள் உச்சிக் கொண்டையைத் தவிர்த்துக் கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது.

ஆன்லைனில் வாங்கலாமா?

நான் அப்படித்தான் முதல் ஹெல்மெட்டை வாங்கினேன். அளவெடுத்தேன், அட்டவணை பார்த்தேன், இரண்டு அளவுக்கு நடுவில் வந்ததும் வசதியாக இருக்கட்டும் என்று பெரியதை எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது சுகமாக இருந்தது. ட்ராக்கில் மூன்றாவது சுற்றில், நீண்ட நேர்ச்சாலையின் கடைசியில் பிரேக்கை முழுதாக அழுத்தினேன். ஹெல்மெட் முன்னால் வழுக்கி, அதன் மேல் விளிம்பு பாதிக் கண்ணை மறைத்துவிட்டது. வளைவு எங்கே தொடங்குகிறது என்று அரை விநாடி தெரியவில்லை. காரை நேராகவே விட்டு மண்ணில் இறக்கி நிறுத்தினேன். காருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. அன்று மாலை வரை கை நடுங்கிக்கொண்டிருந்தது.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்ப முடியுமா என்று முதலில் பாருங்கள். வந்ததும் ஸ்டிக்கரையோ பிளாஸ்டிக் உறையையோ பிரிக்காமல் மேலே சொன்ன சோதனை எல்லாம் செய்யுங்கள். ட்ராக் டேக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே வாங்கினால்தான் மாற்றி வாங்க நேரம் இருக்கும். நண்பர்களிடம் இருக்கும் வெவ்வேறு நிறுவன ஹெல்மெட்டுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் செய்வது இன்னும் நல்லது.

ஃபுல் ஃபேஸா, ஓபன் ஃபேஸா?

ஃபுல் ஃபேஸ். கூரையும் முன் கண்ணாடியும் உள்ள காருக்கு ஓபன் ஃபேஸ் போதும் என்று சில இடங்களில் விதியே அனுமதிக்கிறது, ராலி ஓட்டுநர்கள் பலர் அதை விரும்பியே அணிகிறார்கள். அவர்களுக்கு ஆறு முனை பெல்ட்டும் பந்தய சீட்டும் இருக்கிறது. உங்களுக்குச் சாதாரண பெல்ட்தான், உடல் முன்னால் நிறையவே போகும், ஸ்டியரிங் முகத்துக்கு மிக அருகில் வரும். தாடைக்கு முன்னால் ஏதாவது இருப்பது நல்லது. ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஏர்பேக் விரிய அந்த இடம் வேண்டும்.

தாடைப்பகுதி மேலே தூக்கித் திறக்கும் மாடுலர் ஹெல்மெட்டைப் பல அமைப்பாளர்கள் ஏற்பதில்லை. அது மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன்.

கண்ணாடியைக் கழற்றி, ஹெல்மெட்டைப் போட்டு, பிறகு கண்ணாடியை உள்ளே செருக வேண்டும். அதற்குக் கண் திறப்பு கொஞ்சம் அகலமாக இருக்கும் ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடிக் கம்பி நேராகவும் மெல்லியதாகவும் இருந்தால் பொட்டில் அழுத்தாது. கடைக்குப் போகும்போது ஓட்டும்போது போடும் அதே கண்ணாடியோடு போங்கள்.

ஹெல்மெட் போட்டால் தலை கார் கூரையில் இடிக்கிறதே?

ஹேட்ச்பேக்கில் உயரமானவர்களுக்கு வரும் பிரச்சினை. ஹெல்மெட் உங்கள் உயரத்தில் நாலைந்து சென்டிமீட்டரைக் கூட்டிவிடும். சன்ரூஃப் உள்ள காரில் கூரை இன்னும் தாழ்வு. வாங்கிய அன்றே காரில் உட்கார்ந்து பாருங்கள். சீட்டைக் கடைசி வரை இறக்குங்கள், சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். ஆனால் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பில் படும் அளவுக்கு மேல் சாயாதீர்கள். தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையாவிட்டால், மேடுபள்ளத்தில் ஏறும்போதெல்லாம் கழுத்துதான் அடி வாங்கும். ஹெட்ரெஸ்ட் முன்னால் வளைந்திருக்கும் கார்களில் ஹெல்மெட் போட்டதும் தலை குனிந்துபோகும். அதையும் இப்போதே சரிசெய்து பழகுங்கள்.

ஹான்ஸ் வாங்க வேண்டுமா?

தோளில் மாட்டி, ஹெல்மெட்டோடு இரண்டு பட்டைகளால் இணைக்கும் கழுத்துக் காப்புதான் ஹான்ஸ். அமெரிக்காவில் பொறியியல் பேராசிரியரான ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டௌனிங்கும் 1980-களில் உருவாக்கியது. வேகமாகப் போகும் கார் சட்டென்று நின்றால் பெல்ட் உடலைப் பிடித்துக்கொள்ளும், தலையும் ஹெல்மெட்டும் மட்டும் முன்னால் பாயும். அந்த இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துபோகிறது. 2001-ல் டேடோனாவில் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது இந்தக் காயத்தால்தான். அவர் இறந்த பிறகே நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தய அமைப்பு இத்தகைய கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது, ஃபார்முலா ஒன்னில் 2003-லிருந்து ஹான்ஸ் கட்டாயம்.

அவ்வளவு முக்கியமானது என்றால் உடனே வாங்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வழக்கமான ஹான்ஸ் தோள்மேல் இரண்டு பட்டை வரும் பந்தய பெல்ட்டோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். உங்கள் காரில் இருப்பது மூன்று முனை பெல்ட். அந்த பெல்ட்டால் ஹான்ஸைப் பிடித்து நிறுத்த முடியாது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஒருவர் இருவர் கிளம்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். காருக்குள் ரோல் கேஜ் (கூரை அமுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாமல் நான்கு முனை பெல்ட் போட்டால், கார் உருண்டு கூரை அமுங்கும்போது உடம்பு சாய்ந்து ஒதுங்க வழியில்லாமல் நிமிர்ந்தே நிற்கும். பந்தய சீட், பெல்ட், கேஜ், ஹான்ஸ் நான்கும் சேர்ந்துதான் ஒரு ஏற்பாடு. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துப் போட்டால் ஆபத்து கூடும்.

முதல் ட்ராக் டேக்குக் கார் வந்தபடியே, ஒரிஜினல் பெல்ட்டோடும் ஏர்பேக்கோடும் ஓட்டுங்கள், வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் ஹெல்மெட்டில் மட்டும் ஹான்ஸ் பொருத்தும் திருகு துளைகள் இருக்கட்டும். எஸ்ஏ 2015 முதல் எல்லா எஸ்ஏ ஹெல்மெட்டிலும் அவை கம்பெனியிலேயே போட்டு வரும். இல்லாத ஹெல்மெட்டில் நீங்களாக டிரில் போடவே கூடாது.

வாடகைக்கு எடுக்கலாமா? பழையது வாங்கலாமா?

அமைப்பாளரே வாடகைக்குக் கொடுத்தால் முதல் நாளுக்கு அது நல்ல வழிதான். உங்கள் அளவு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். மீந்திருப்பதை மாட்டிக்கொண்டு போகும் நிலை வரக்கூடாது. சொந்தமாக ஒரு பலக்லாவா மட்டும் வாங்கிப் போங்கள், பிறர் வியர்வை உங்கள் தலையில் படாது.

பழைய ஹெல்மெட்டை அறிமுகமில்லாதவரிடம் வாங்காதீர்கள். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் ஒருமுறை நசுங்கித் தன் வேலையைச் செய்து முடித்துவிடும், மறுபடி உப்பாது. வெளியே பெயின்ட் புத்தம்புதிதாகத் தெரியும்போதே உள்ளே நசுங்கியிருக்கலாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அண்ணன், தம்பி, நெருங்கிய நண்பர் என்று அதன் முழுக் கதையும் தெரிந்தவரிடம் இரவல் வாங்குவது வேறு விஷயம்.

பட்ஜெட் எவ்வளவு வைக்க வேண்டும்? ஃபைபரா, கார்பனா?

எஸ்ஏ முத்திரையுள்ள ஹெல்மெட் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. பெல், ஆராய், ஸ்டிலோ, ஸ்பார்க்கோ, ஓஎம்பி போன்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். ஆரம்ப மாடல்களுக்கே பல பத்தாயிரம் ஆகும், கார்பன் ஷெல் என்றால் லட்சத்தைத் தாண்டிப் போகும். ஆரம்ப மாடலும் அதே எஸ்ஏ சோதனையில்தான் தேறியிருக்கிறது. கூடுதல் விலைக்குக் கிடைப்பது எடைக் குறைவு, நல்ல காற்றோட்டம், மென்மையான உள் துணி. ஒன்றரைக் கிலோ ஹெல்மெட்டோடு இருபது நிமிடம் ஓட்டுவதில் கழுத்துக்குச் சிரமம் இருக்காது. மிச்சப் பணத்தை பிரேக் பேடுக்கும் பிரேக் ஆயிலுக்கும் செலவிடுங்கள், முதல் நாளில் தோற்றுப்போவது பெரும்பாலும் அவைதான்.

வைசர் கறுப்பா, வெள்ளையா? வியர்த்துக் கொட்டுமே?

தெளிந்த வைசர் (ஹெல்மெட்டின் முன்பக்கக் கண்ணாடி). சாயங்கால செஷனில் வெளிச்சம் குறையும்போது கறுப்பு வைசர் தொல்லை. வெயிலுக்குக் காரின் சன் வைசரே போதும்.

வியர்வை உண்மையான பிரச்சினை, அதுவும் நம்மூர் ஏப்ரல், மே மாதத்தில். மெல்லிய பருத்தி பலக்லாவா நெற்றி வியர்வை கண்ணில் இறங்காமல் பிடிக்கும். செஷன் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி நிழலில் கவிழ்க்காமல் வையுங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் குறைந்த உடம்பு முதலில் இழப்பது கவனத்தை.

மூடிய காரில் வைசரைத் திறந்துவிட்டு ஓட்டலாமா என்றும் கேட்கிறார்கள். ஜன்னல் திறந்திருப்பதால் மூடியே ஓட்டுங்கள், மூச்சுக் காற்றில் மங்கினால் ஒரு விரல் அளவு திறந்துகொள்ளுங்கள். 2009-ல் ஹங்கேரியில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஒன்று ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஃபெலிப்பே மாசாவின் ஹெல்மெட்டில் இடது கண்ணுக்கு மேலே வந்து மோதியது. அதற்குப் பிறகுதான் ஃபார்முலா ஒன் ஹெல்மெட்டுகளின் வைசர் மேல் விளிம்பில் கூடுதல் பட்டை வந்தது. உங்கள் ட்ராக் டேயில் வரக்கூடியது சிறு கல்தான், கண்ணுக்கு அதுவே போதும்.

பிள்ளையைக் கார்ட்டிங்கில் சேர்க்கிறோம். என் ஹெல்மெட்டையே கொடுக்கலாமா?

கூடாது. குழந்தையின் கழுத்து பெரியவர்களின் ஹெல்மெட் எடையைத் தாங்காது. ஸ்னெல்லில் குழந்தைகளுக்கென்றே எடை குறைந்த சிஎம்ஆர் என்ற தரம் இருக்கிறது. வளரும் பிள்ளை, இரண்டு வருடம் வரட்டும் என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, ஹெல்மெட்டுக்குச் சரிவராது.

பைக்கை ட்ராக்கில் ஓட்டப் போகிறேன்.

அப்போது எம் அல்லது ஈசிஇ 22.06 முத்திரையுள்ள ஃபுல் ஃபேஸ், டபுள் டி ரிங் (இரண்டு டி வடிவ வளையங்களில் கோர்த்துக் கட்டும்) தாடைப்பட்டை. கார் ஹெல்மெட்டைப் பைக்குக்குப் போடாதீர்கள், பக்கவாட்டுப் பார்வை குறையும். எஸ்ஏ ஹெல்மெட்டோடு சாலையில் பைக் ஓட்டினால் ஐஎஸ்ஐ இல்லை என்று சட்டப்படியும் சிக்கல்.

ஹெல்மெட் மேல் கேமரா ஒட்டலாமா? பெயர் எழுதலாமா?

கேமராவைக் காருக்குள் பொருத்துங்கள். ஹெல்மெட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் மோதும்போது எங்காவது மாட்டித் தலையைத் திருப்பிவிடும், பல இடங்களில் தடையும் இருக்கிறது. பாலிகார்பனேட் ஷெல்லில் கண்ட பெயின்ட்டையும் பசையையும் தடவாதீர்கள், சிலவற்றின் ரசாயனம் அந்தப் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கும். ரத்த வகையை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவது வழக்கம், அது நல்ல வழக்கமும்கூட.

கையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா? சும்மாவே எத்தனை வருடம் வரும்?

காலி ஹெல்மெட் இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை விழுந்ததற்காகப் பதற வேண்டாம், அதன் உள்ளே தலையின் எடை இல்லை. ஷெல்லில் விரிசல், உள்ளே தெர்மாகோலில் பிளவு, பட்டை ரிவெட்டில் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் இருக்கும்போது இடித்திருந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும்.

இடிக்காத ஹெல்மெட்டையும் ஐந்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு மாற்றச் சொல்கிறது ஸ்னெல். வியர்வை, தலை எண்ணெய், வெயில் எல்லாம் சேர்ந்து மெல்ல அரிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு ஹெல்மெட் போடாதீர்கள்.

முந்தைய நாள் இரவு என்ன செய்ய வேண்டும்?

வைசரை ஈரத் துணியால் துடையுங்கள், டிஷ்யூ காகிதம் கீறும். தாடைப்பட்டையை டபுள் டி ரிங்கில் கோர்த்துக் கழற்ற கையுறையோடு பத்து முறை பழகுங்கள். முதல்முறை வருகிறவர்கள் காலையில் பதற்றத்தில் தடுமாறுவது இங்கேதான்: பட்டையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, வெளிப்பக்க வளையத்தின் மேலாகத் திருப்பி உள்பக்க வளையத்துக்குள் மட்டும் இழுக்க வேண்டும். கட்டியபின் தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழையலாம். ஓட்டுவதற்கு முன் நடக்கும் பரிசோதனையில் (ஸ்க்ரூட்டினி) ஸ்டிக்கரைக் காட்டச் சொல்வார்கள், எந்தத் துணிக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கியில் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் வைக்காமல், ஒரு துணிப்பையில் போட்டுப் பின்சீட்டில் வைத்துப் பெல்ட் மாட்டுங்கள். திரும்பி வந்ததும் உள் மெத்தைகளைக் கழற்ற முடிந்தால் கழற்றி, குழந்தைகளுக்கான ஷாம்பூவில் அலசி, ஃபேன் காற்றில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம்.